ஏழாம் நம்பர் ஆணி

அத்தியாயம் 19

போன வாரம் பொன்மணியைச் சுக்குக் கிடங்கின் வாசல் சுவருக்கு முன்னால் நிற்க வைத்துவிட்டு வந்துவிட்டோம். பாவம், ஏழு நாளாக அதே இடத்தில் நிற்கிறாள். இனியும் நிறுத்தி வைப்பது நியாயமில்லை.

அந்தச் சுவரில் பன்னிரண்டு ஆணிகள். மூட்டை தூக்கும் பன்னிரண்டு பேருக்கும் ஆளுக்கொரு கொக்கி, ஆளுக்கொரு ஆணி. வேலை முடிந்ததும் கொக்கியை ஆணியில் மாட்டிவிட்டுத்தான் வெளியே போக வேண்டும். எந்தக் காலத்திலோ இரண்டு பேர் நடுரோட்டில் கொக்கியோடு மோதிக்கொண்ட பிறகு, தொழிலாளிகளே கூடிப் போட்ட சட்டம் அது. அந்தக் கிடங்கில் முதலாளி போட்ட சட்டங்களை எல்லாரும் சௌகரியம் போல மீறுவார்கள். இதை மட்டும் யாரும் மீறியதில்லை.

ஏழாம் நம்பர் ஆணி காலியாக இருந்தது. அது பாலையாவின் ஆணி. பாலையா, பொன்மணியின் கூடப் பிறந்த தம்பி.

மற்றவர்களுக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. பாலையாவைத்தான் மூட்டை வேலையிலிருந்து மாற்றி முற்றம் பெருக்கப் போட்டுவிட்டார்களே, துடைப்பக்காரனுக்குக் கொக்கி எதற்கு? ஆபீசில் வாங்கி வைத்திருப்பார்கள் என்று தொழிலாளிகள் நினைத்தார்கள். தொழிலாளிகள் யாரிடமாவது இருக்கும் என்று ஆபீசில் நினைத்தார்கள். இரண்டு பக்கமும் நினைத்துக்கொண்டே இருந்ததில் நாட்கள் ஓடிவிட்டன.

வேலை மாறிய கதையை, நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரியில் சொல்லிவிடுகிறேன். டிசம்பரில் பாலையா சபரிமலைக்கு மாலை போட்டிருந்தான். கறுப்பு வேட்டி, தாடி, கிடங்கு இருக்கும் மட்டாஞ்சேரி முழுக்க அவனுக்கு 'சாமி' என்றுதான் பேர். ஒரு நாள் காலை, குடித்திருக்கிறார்களா என்று பார்க்கக் கேட்டில் வைத்திருந்த மெஷினில் ஊதினான். மெஷின் கீச்சென்று கத்திவிட்டது. சுக்கு சுத்தம் செய்யும் நாற்பது பெண்களும் கேட்கும்படி, "மாலையைக் கழட்டி வச்சிட்டுக் குடிக்கலாம்ல சாமியே?" என்றார் மேனேஜர் ஆனந்தகுமார்.

பாலையா குடித்தது முதுகு வலிக்கு அரிஷ்டம்; புளிக்க வைத்த ஆயுர்வேத மருந்து, அதிலேயே கொஞ்சம் ஆல்கஹால் இருக்கும். சொல்லிப் பார்த்தான், யாரும் காதில் வாங்கவில்லை; கொக்கிக்குப் பதில் கையில் துடைப்பத்தைக் கொடுத்துவிட்டார்கள். அன்று சாயந்திரமே மாலையைக் கழற்றினான். மலைக்குப் போகவில்லை. மறுநாளிலிருந்து 'சாமி' போய் 'அரிஷ்டசாமி' வந்தது. பேர் வைத்தவர்கள் வெளியாட்கள் இல்லை. கூட மூட்டை தூக்கிய பதினோரு பேர்தான்.

இனி இந்த வெள்ளிக்கிழமைக் காலைக்கு, பொன்மணியின் வீட்டுக்கு வருவோம்.

"இன்னைக்கு நாலு மணிச் சாயாவோட எல்லாம் தீருது," என்றார் செல்லதுரை, தோசையைப் பிய்த்துக்கொண்டே. பொன்மணியின் கணவர். மூட்டை தூக்குகிறவர்களுக்கு அவர்தான் கன்வீனர். "ஆனந்தகுமார் சாரு தன் கையால கிளாஸை எடுத்து நம்ம பாலையா மாப்ளைட்ட குடுப்பாரு. மாப்ள வாங்கிக் குடிப்பான். ஒத்துதீர்ப்பு ஆச்சு. எத்தனை கேஸு இப்படித் தீத்து வச்சிருக்கேன்!"

அது உண்மைதான். சண்டை போட்ட இருவரை நடுவில் நிறுத்தி, ஒருவர் கையால் மற்றவருக்குச் சாயா கொடுக்க வைத்துவிட்டால் அந்தக் கிடங்கில் பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகு பழசைக் கிளறினால் கூட்டமே சேர்ந்து திட்டும்.

"ரெண்டு சுமட்டுக்காரங்க அடிச்சுக்கிட்டா சாயாவுல தீரும்ங்க," என்றாள் பொன்மணி. "இது அப்படியா? நாப்பது பொம்பளைக முன்னாடி ஒருத்தனை நாறடிச்சுட்டு, அதே நாப்பது பேரு முன்னாடி சாயா குடுத்தா, அவனுக்கு அது இன்னொரு அடிதான்."

"நீ சும்மா பயப்படுத."

"சும்மாவா? பத்து நாளா அவன் நம்ம கூடச் சோறு திங்கல. சைக்கிளை பக்கத்து ரூம்காரனுக்குக் குடுத்துட்டானாம். மலைக்குக் கொண்டு போற பையையும் எடுத்துக் குடுத்துட்டான். 'இனி எனக்கு எதுக்கு'ன்னு சொன்னானாம். இப்ப கொக்கியையும் காணோம்."

சுவரோரம் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த மகள் கங்கா தலையைத் தூக்கினாள். இருபத்திரண்டு வயது. கிடங்கு ஆபீசில், மேனேஜரின் கண்ணாடி அறைக்குள்ளேயே அவளுக்கும் ஒரு மேஜை. வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது.

"அம்மே, மாமா போன வாரம் என்ட்ட கேட்டுச்சு. மேனேஜர் சார் எப்ப தனியா இருப்பாருன்னு."

பொன்மணியின் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. "நீ என்னட்டி சொன்ன?"

"தனியாவே இருக்க மாட்டாரு, நாலு மணிக்கு மேல என்னையும் ஃபைல் பாக்கணும்னு நிறுத்தி வச்சுக்குவாருன்னு சொன்னேன்." கங்கா தட்டைத் தள்ளி வைத்தாள். பாதித் தோசை அப்படியே கிடந்தது. "அம்மே, நான் காக்கநாட்டுல வேற வேலை பாக்கட்டா?"

"இப்ப அதா முக்கியம்?" என்றாள் பொன்மணி.

அவளுக்குக் கண்ணாடி அறைதான் கண்ணுக்குள் நின்றது. ஆனந்தகுமாரின் நாற்காலியிலிருந்து மகளின் நாற்காலி மூன்றடி. பாலையாவுக்கு யார் மேல் கோபம் என்று தெரியும். கொக்கிக்குத் தெரியுமா?

"ஆபீஸ்ல சொல்லிரப் போறேன்," என்றாள்.

செல்லதுரை கையை உதறினார். "நம்ம வீட்டு ஆளை நாமளே காட்டிக் குடுக்கவா? போலீஸு கீலீஸுன்னு வந்தா அவன் வாழ்க்கை போச்சு."

"வராட்டா யாரு வாழ்க்கை போகும்ங்க?"

செல்லதுரை எழுந்தார். கையைக் கழுவப் போய்விட்டார்.

*

கிடங்கில் சுக்குப் புடைக்கும் பொன்மணிக்குப் பக்கத்து முறம் ஷீஜாவுடையது. நாலு வருஷம் ஒரு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் துப்புரவு வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தவள். பொன்மணி சொன்னதை எல்லாம் சுக்கைப் புடைத்துக்கொண்டே கேட்டாள். கேட்டு முடித்ததும் முறத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

"சேச்சி, அங்க ஒரு நர்ஸை ரோகியோட ஆளு கம்பியால அடிச்சான். அன்னிக்குக் காலையில அவன் வராந்தாவுல நடந்த நடப்பை நாங்க மூணு பேரு பாத்தோம். மத்த ரெண்டு பேரு சொல்லுவாங்கன்னு மூணு பேரும் இருந்துட்டோம்."

"நான் இப்ப என்ன செய்யட்டும் ஷீஜா?"

"அதுக்கு அப்புறம் எங்களுக்கு ஒரு கிளாஸ் எடுத்தாங்க. மனசுல தோணினதைச் சொல்லாதே, கண்டதையும் கேட்டதையும் சொல்லுன்னாங்க. 'தம்பி சரியில்ல'ன்னு சொன்னா சிரிப்பாங்க. 'கொக்கியைக் காணோம், தனியா எப்ப இருப்பாருன்னு கேட்டான்'னு சொல்லிப் பாரு, ஒருத்தரும் சிரிக்க மாட்டாங்க. அவன்ட்ட பேசணும்னா பேசு, பேடிக்காத, பயம் வேண்டாம். ஆனா கையெட்டாத தூரத்துல நில்லு. அவன் வெளிய போற வழியை மறிச்சு நிக்காத. சுத்தி வளைக்காம நேராவே கேளு."

"நேரா கேட்டா, இல்லாத நெனைப்பை நாமளே மூட்டிவிட்ட மாதிரி ஆகாதா?"

"இல்லாததை யாரும் மூட்ட முடியாது சேச்சி. இருந்தா வெளிய வரும், அவ்வளவுதான்."

இருவரும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். பொன்மணி தன் முறத்தைக் கவிழ்த்து வைத்தால், ஷீஜா எழுந்து படகுத்துறைப் பக்கக் கதவு வழியாகப் பெண்களை வெளியே கூட்டிப் போய்விட வேண்டும். ஏன் என்று அந்த நேரத்தில் யாரும் கேட்கக் கூடாது. பெண்கள் காதோடு காதாகச் செய்தியைக் கடத்தினார்கள்.

*

பதினோரு மணிக்குப் பொன்மணி கண்ணாடி அறைக்குப் போனாள். கங்காவைப் பெண்களோடு உட்காரச் சொல்லி அனுப்பினாள். அவள் இரண்டாம் முறை சொல்ல வைக்கவில்லை. கைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஓட்டமாகவே போய்விட்டாள்.

பக்கத்துப் பள்ளுருத்தியில் பிறந்து வளர்ந்தவர் ஆனந்தகுமார். நாற்பத்தைந்து வயது, மடிப்புக் கலையாத சட்டை. பொன்மணி கண்டதையும் கேட்டதையும் மட்டும் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. முகம் வெளுத்துவிட்டது.

"இப்பவே கேட்டுல நிறுத்தி, அவன் குப்பைச் சாக்கைக் கொட்டிப் பாத்துரலாம்."

"எல்லாரு முன்னாடியுமா சாரே? மறுபடியுமா?"

பொன்மணி கிளம்பவில்லை. சொல்ல வேண்டியது இன்னும் ஒன்று பாக்கி இருந்தது.

"அவன் குடிக்கல சாரே. அந்த அரிஷ்டத்தை நான்தான் வாங்கிக் குடுத்தேன்."

"இதை அன்னிக்கே சொல்லிருக்கலாமே பொன்மணியக்கா?"

சொல்லியிருக்கலாம். கங்கா வேலைக்குச் சேர்ந்த அதே வாரம் அது. மேனேஜரை எதிர்த்து வாய் திறந்தால் மகளின் நாற்காலி போய்விடுமோ என்று குனிந்து சுக்கைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மெஷின் கத்தியது ஒரு நிமிஷம், இவள் மௌனம் இரண்டு மாதம். பொன்மணி நல்லவள்தான், எனக்கு அவளைப் பிடிக்கும். ஆனால் இந்த ஒன்றில் அவளுக்காக நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

ஆனந்தகுமார் முதலாளிக்குப் போன் போட்டார். முதலாளி ஸ்டேஷனுக்குச் சொன்னார். இரண்டு போலீஸ்காரர்கள் எதிர்ச் சாயாக்கடையில் வந்து இருப்பார்கள், கூப்பிட்டால்தான் உள்ளே வருவார்கள் என்று முடிவாயிற்று. நாலு மணிச் சாயா கிடையாது. மூன்று மணிக்கே பின்வாசல் வழியாக அவர் கிளம்பிவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

"போறப்ப கங்காவை நான் என் வண்டியிலயே கொண்டு போய் விட்டுடுறேன். அவளைப் பத்தி நீங்க பேடிக்க வேண்டாம்."

தன் உயிருக்கே ஆபத்து என்கிற நேரத்திலும் நம் பெண்ணை நினைக்கிறாரே என்று பொன்மணிக்கு மனசு இளகிவிட்டது. மகளிடம் வந்து சொன்னாள். "வேண்டாம். நான் உன் கூடவே வாறேன்," என்றாள் கங்கா. சொன்னவள், யாரும் கேட்காமலேயே ஒரு முறத்தை எடுத்துக்கொண்டாள்.

*

சாயா கிடையாது என்று செல்லதுரைக்கும் சொல்லியாயிற்று. ஆனால் அவருக்கு அது வேறு மாதிரிப் பட்டது. கன்வீனர் வாக்குக் கொடுத்த பிறகு மேனேஜர் நழுவுவதா? சரி, அவர் கொடுக்காவிட்டால் என்ன, நான் கொடுக்கிறேன் என்று முடிவு செய்துவிட்டார். கெட்ட எண்ணம் துளியும் இல்லாத மனிதர். அதனால்தான் அவரைத் தடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

நாலு மணிக்கு முற்றத்தில் மூட்டைக்காரர்கள் பதினோரு பேரும் வட்டமாகக் கூடிவிட்டார்கள். செல்லதுரை பாலையாவின் தோளில் கை போட்டு நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார். பாலையாவின் ஒரு கையில் துடைப்பம், இன்னொரு கையில் குப்பைச் சாக்கு.

"சாயா எதுக்கு? சாமிக்கு அரிஷ்டம் ஒரு அவுன்ஸ் ஊத்துங்க கன்வீனரே!" என்றான் அந்தப் பதினோரு பேரில் ஒருவனான வெங்கிட்டு.

எல்லாரும் சிரித்தார்கள். பாலையா சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. துடைப்பத்தைச் சுவரில் மெதுவாகச் சாய்த்து வைத்தான். ஒரு கையைச் சாக்குக்குள் விட்டான்.

பொன்மணி முறத்தைக் கவிழ்த்தாள்.

ஷீஜா எழுந்தாள். அவள் பின்னால் மற்ற பெண்களும் எழுந்தார்கள், கங்காவும்தான். புடைக்கும் சத்தம் சட்டென்று நின்றதில் ஆண்களின் சிரிப்பும் அறுந்தது.

பொன்மணி முற்றத்துக்கு வந்து, தம்பியிடமிருந்து நாலடி தள்ளி நின்றாள். வாசலை விட்டு ஒதுங்கி நின்றாள். "எல்லாரும் அவனை விட்டுத் தள்ளிப் போங்க. நீங்களும்தான்," என்றாள் கணவரிடம். செல்லதுரை கிளாஸோடு நகர்ந்தார்.

"பாலையா, அக்கா கேக்கேன். நேராச் சொல்லு. நீ அவரை வெட்டணும்னு நெனைக்கியா?"

வெங்கிட்டுவின் வாய் பிளந்தது. பாலையா அக்காவையே பார்த்தான். யாராவது கேட்க மாட்டார்களா என்று இரண்டு மாதமாகக் காத்திருந்தவன் போல இருந்தது அந்தப் பார்வை.

"நெனைச்சேன்க்கா."

சாக்கிலிருந்து கையை எடுத்தான். கையில் ஒரு காலி அரிஷ்டப் பாட்டில். மேலே ஒட்டியிருந்த தாள் கிழியாமல் இருக்கப் பிளாஸ்டிக் சுற்றி வைத்திருந்தான்.

"நான் குடிக்கலக்கா."

"எனக்குத் தெரியும்."

"உனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும்." அவன் குரல் உடைந்தது. "அன்னிக்கு நீ அந்தா, அங்கனதான் உக்காந்திருந்த. ஒரு தடவை நிமிந்து பாப்பன்னு நெனைச்சேன். நீ முறத்தையே பாத்துக்கிட்டு இருந்த."

பொன்மணி அழவில்லை. அழுதால் பேச முடியாமல் போய்விடும் என்று பயந்தாள். பதினோரு பேரையும் பார்த்து, படகுத்துறைக் கதவுக்கு வெளியே நிற்கும் பெண்களுக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்.

"இந்தப் பாட்டிலை வாங்கிக் குடுத்தது நான். மாலை போட்டதுக்கப்புறம் என் தம்பி ஒரு சொட்டுச் சாராயம் தொடல. எம் மக வேலைக்குச் சேந்த வாரம் அது, வாயைத் தொறந்தா வேலை போயிருமோன்னு நான் வாயை மூடிக்கிட்டேன். சிரிக்கணும்னா என்னைப் பாத்துச் சிரிங்க. அவனைப் பாத்து இனி ஒருத்தரும் சிரிக்கக் கூடாது."

யாரும் சிரிக்கவில்லை. பாலையா அங்கேயே தரையில் உட்கார்ந்து, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். செல்லதுரை கையிலிருந்த சாயாவைப் பார்த்தார். அதை யாருக்குக் கொடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கீழே வைத்துவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்துப் பொன்மணி கேட்டாள். "கொக்கி எங்கல?"

"கங்காட்ட இருக்கு."

பொன்மணிக்குப் புரியவில்லை.

"போன வாரம் புதன்கிழமை எல்லாரும் போன பொறவு எடுத்துக்கிட்டுப் போனேன்க்கா. கண்ணாடி ரூம் கதவு சாத்தியிருந்துச்சு. கையை வச்சேன். உள்ளேருந்து கதவைத் திறந்துக்கிட்டு கங்கா வெளிய வந்தா. என் கையைப் பாத்தா. ஒண்ணும் கேக்கல, கையை நீட்டினா. புள்ள மொகத்தைப் பாத்ததும் குடுத்துட்டேன். அதுக்கப்புறம் இந்தப் பாட்டிலையாவது அவரு தனியா இருக்கப்போ காட்டணும்னுதான் சாக்குல வச்சிருந்தேன்."

செல்லதுரை மைத்துனனைக் கையைப் பிடித்து எழுப்பினார். இன்று இரவு தனியாக விட வேண்டாம், தங்கள் வீட்டிலேயே படுக்கட்டும், காலையில் மனநல டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டும் என்று ஷீஜா சொன்னதற்கெல்லாம் சரி சரி என்றார். எதிர்க்கடையில் இருந்த போலீஸ்காரர்கள் இரண்டாவது சாயாவையும் குடித்துவிட்டுப் போனார்கள்.

*

பெண்கள் சேலை மாற்றும் சின்ன அறையில் கங்கா தனியாக இருந்தாள். பொன்மணி கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"ஏட்டி, ஒம்போது நாளு! ஒரு வார்த்தை சொல்லலையே. அப்பன்ட்ட சொல்லிருக்கலாம். ஆணியிலயாவது மாட்டிருக்கலாம்."

கங்கா கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள். துப்பட்டாவில் சுற்றி, கைக்கு உடனே எட்டும்படி மேலாக வைத்திருந்தாள். கொக்கியின் முனை துணியைத் துளைத்து வெளியே தெரிந்தது.

"மாட்டணும்னுதான் அம்மே வாங்கினேன். அப்புறம், இருக்கட்டும்னு வச்சுக்கிட்டேன்."

"உனக்கு எதுக்குட்டி கொக்கி?"

கங்கா அம்மாவைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாகத் தெரிந்த கண்ணாடி அறையைப் பார்த்தாள். மேனேஜர் மூன்று மணிக்கே போய்விட்டிருந்தார். விளக்கு அணைந்திருந்தது. ஆனாலும் அவள் பார்வை அந்தக் கதவை விட்டு நகரவில்லை.

"மாமா அந்தக் கதவுக்கு வெளிய ஒரு நாளுதான் நின்னுச்சு," என்றாள். "நான் தெனமும் நாலு மணிக்கு மேல உள்ள நிக்கேன்."

நாலு மணிக்கு மேல் நிறுத்தி வைத்துக்கொள்வார். காக்கநாட்டில் வேலை பார்க்கட்டுமா? வண்டியில் கொண்டு போய் விடுகிறேன். வேண்டாம், உன் கூடவே வாறேன். காலையிலிருந்து காதில் விழுந்து, காதிலேயே நின்றுவிட்ட சொற்கள் எல்லாம் இப்போதுதான் பொன்மணியின் நெஞ்சுக்கு வந்து சேர்ந்தன. அந்த மனுஷனையா நல்லவர் என்று நினைத்தேன் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"அதை அம்மாட்ட குடு," என்று கையை நீட்டினாள்.

பாலையா தன்னிடம் கொடுத்ததை, கங்கா அம்மாவிடம் கொடுக்கவில்லை. ஜிப்பை மூடிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"நாளைக்கு நீ எல்லார் முன்னாடியும் பேசுவியா அம்மே, இன்னைக்குப் பேசின மாதிரி? சொல்லு. அப்ப தாறேன்."